தட்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
தள்ளுவண்டியில் பத்து ரூபாய்க்கு எடுத்தது.
உறையில் படம் இல்லை, பெயர் பாதி அழிந்திருந்தது.
ஜெபமாலைப் பாட்டு என்று நினைத்துத்தான்
கிளீட்டஸ் வாங்கினான்.

சின்னத்துறைக்காரர்கள் எட்டுப் பேர்.
தேங்காய்ப்பட்டணத்தில் ஐஸ் ஏற்றி
பதினொரு நாள் மேற்கே ஓடிய பிறகு
மற்ற தட்டெல்லாம் உப்புப் பிடித்து நின்றுவிட
இது மட்டும் ஓடியது.
கறுப்பு வெள்ளை. தமிழ் பேசியது.

வானத்திலிருந்து தட்டு இறங்கும்.
வெள்ளைக்காரத் தளபதி மதுரைத் தமிழில் அதட்டுவார்.
இறங்கி வந்தவனோ சுத்தச் செந்தமிழ்:
“மானிடர்களே, சரணடையுங்கள்.”
“லேய், இது ஆயருக்க சுற்றுமடல் இல்லியா”
என்பார் ததேயூஸ் அண்ணன், வீல் ரூமிலிருந்து.
கடைசியில் ஒரு வாத்தியார் பள்ளிக்கூட மணி அடிப்பார்,
அந்தச் சத்தத்தில் அவை சுருண்டு விழும்.
ஆறாம் வகுப்போடு நின்ற கிளீட்டஸ் அப்போது மட்டும்
எதிர்க்கட்சிக்குக் கை தட்டுவான்.

முதல் ராத்திரி சிரித்தோம்.
நான்காம் ராத்திரி பிளாசிட் கண்டுபிடித்தான்:
“நூலு தெரியுது பாரு.”

தட்டைத் தாங்கும் நூல்.
தூண்டில்காரன் கண்ணுக்குத் தப்புமா?
அது எந்த நம்பர் தங்கூசி என்று
இரண்டு மணி நேரம் சண்டை.
எழுபது என்றான் ஒருவன்.
எழுபதில் சூரையே நிக்காது,
தட்டு எப்படி நிக்கும் என்றான் இன்னொருவன்.

அதற்குப் பிறகுதான்
நாங்கள் அந்தப் படத்துக்குப் பயப்பட ஆரம்பித்தோம்.
எப்படிச் சொல்ல.
நூல் தெரிகிற பயம்
கைக்கு அடக்கமான பயம்.
ஒன்றரை மணி நேரம் உலகம் அழியும்,
அழிந்து முடிவதற்குள் சோறு வெந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு.
அந்தப் படத்தில்
எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிவிடுவார்கள்.
ரேடியோ பாட்டை நிறுத்திச் சொல்லும்.
பெயர் தெரியாத ஒரு ஊருக்காக
தலைநகரத்தில் விடிய விடிய விளக்கு எரியும்,
மேசையில் வரைபடம் விரியும்,
ஒருவர் பேனா முனையால் அந்த ஊரைத் தொடுவார்.

பேனா வரும் இடத்தில் ததேயூஸ் அண்ணன்
பீடி பற்றவைக்க அணியத்துப் பக்கம் போய்விடுவார்.
அவருக்க தம்பி
அந்த நவம்பரில் போன படகில் இருந்தான்.
நாங்கள் படத்தை நிறுத்த மாட்டோம்.
சத்தத்தை மட்டும் குறைப்போம்.

முப்பத்திரண்டாம் ராத்திரி
நிஜமாகவே வந்தது.
உயரத்திலிருந்து வெள்ளை வெளிச்சம்,
அதற்குப் பின்னால் இரும்புச் சுவர்.
நீரோட்டம் எங்களை
யாருடைய கடலுக்குள்ளோ தள்ளியிருந்தது.
ஒலிபெருக்கியில் ஒரு பாஷை,
அது எடுபடவில்லை என்று இன்னொரு பாஷை.
கையைத் தூக்கி வரிசையாக நின்றோம்.
கிழிந்த பனியன், மடித்துக் கட்டிய லுங்கி,
முழங்கால் வரை பச்சை ரப்பர் பூட்ஸ்,
உடம்பெல்லாம் சுறாச் செதில் மினுக்க.
தொலைநோக்கியில் பார்த்தவன்
எந்தக் கிரகம் என்று நினைத்திருப்பான்?

உதடு அசையாமல் கிளீட்டஸ் முணுமுணுத்தான்:
“மானிடர்களே…”

சிரிப்பை அடக்கியதில் என் கண்ணில் தண்ணீர் கொட்டியது.
அழுகிறேன் என்று நினைத்து
ஒரு சின்ன வயசு சிப்பாய்
தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.
வாங்கிக் குடித்தேன்.

மீனை எடுத்துக்கொண்டார்கள்.
எட்டு நாள் கழித்துப் படகைத் தந்தார்கள்.
தட்டு அந்தச் சிப்பாயிடம் போய்விட்டது.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
அவன் மூக்கின் மேல் ஒரு வானவில் ஓடியது.

இப்போது வீட்டில் பெரிய டிவி இருக்கிறது.
மகன் காட்டும் புதுப் படங்களில்
கப்பல் ஊரையே மூடிக்கொண்டு நிற்கிறது,
நூலே இல்லை.
கொள்ளாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

அந்தச் சிப்பாய் போட்டுப் பார்த்திருப்பானா,
அவனுக்கு நூல் தெரிந்ததா என்று
ஒரு தடவை கேட்க வேண்டும்.
எந்தப் பாஷையில் என்றுதான் தெரியவில்லை.